மழையும் பிறையும் கூடும் இல்லம்

பண்டைத் தமிழ் நூலோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரு திங்களுக்குக் கூதிர்காலம் என்று பெயர். மேனாட்டார் இலையுதிர்காலம் என வழங்கும் பருவமும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் நாட்காட்டியில் ஒன்றாகத் தோன்றும் இவ்விரு பருவங்களும் இல்வாழ்வில் ஒன்றல்ல. மேனாட்டு உழவனுக்கு அது கதிரறுத்துக் களஞ்சியம் நிறைத்துவிட்ட காலம். வெளியே குளிர் மிகுந்தாலும் உள்ளே உணவுக்குக் குறைவில்லை. இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையில் வாழும் உழவனுக்கோ, அதே திங்கள்கள் பழைய நெல் குறைந்து வர, எஞ்சிய நெல்லும் விதையாக மண்ணுக்குள் செல்லும் காலம். அவன் வீட்டில் நிறைவு என்பது மாசிக்குப் பின்னரே வரும்.

எனினும் சில ஆண்டுகளில் அவ்வீட்டின் பெருநாள் இந்தக் குறைவின் நடுவிலேயே வந்து சேர்கிறது. கையிருப்புச் சுருங்கிய வேளையில் விழாவை எதிர்கொள்ளும் இளங்குடும்பம் எதைச் செலவிட்டது, எதைக் காத்தது என்று நோக்கினால், அக்கரையின் சமூக வரலாற்றுக்குள் நுழைய நல்லதொரு வாயில் திறக்கிறது.

வடக்கே மருதமுனை தொடங்கித் தெற்கே பொத்துவில் வரை நீளும் இக்கரையில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் முஸ்லிம் ஊர்கள் அமைந்துள்ளன. சற்று உள்ளே சம்மாந்துறை இருக்கிறது. இவற்றின் இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழர் ஊர்கள் உள்ளன. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்; நடுவே மணற்பாங்கான ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி நிற்கும் வீடுகள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக அமையும்வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. பேச்சிலும், உணவிலும், வேளாண்மைச் சொற்களிலும் மட்டக்களப்பு மரபு இன்றும் இங்கே விளங்குவதன் காரணம் இதுவே.

இவ்வூர்களின் இல்வாழ்வை இரண்டு ஆண்டுகள் ஆளுகின்றன. ஒன்று மழையின் ஆண்டு. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் தொடங்கித் தை வரை மழை தருகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி இக்காலத்தே பெய்துவிடுகிறது. பெரும்போகம் என்னும் முதன்மையான நெற்செய்கை இம்மழையை நம்பியது. ஐப்பசியை ஒட்டி விதைப்பு. மாசி, பங்குனியில் அறுவடை. இவ்வொழுங்கு சூரியனோடு கட்டுண்டது. ஆண்டுதோறும் அதே பருவத்தில் நிகழ்வது.

மற்றொன்று பிறையின் ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே. ஆகவே நோன்பும் பெருநாள்களும் சூரிய ஆண்டில் ஏறத்தாழ பதினொரு நாள் முந்தி முந்தி வருகின்றன. அயலிலுள்ள சைவ மக்களின் தீபாவளியும் பிறை பார்த்தே வருவதாயினும், அவர்தம் கணக்கில் இரண்டு, மூன்று ஆண்டுக்கொருமுறை ஒரு மிகைத்திங்கள் சேர்க்கப்படுவதால் அது ஐப்பசியை விட்டுப் பெரிதும் அகல்வதில்லை. இஸ்லாமியக் கணக்கில் அத்தகைய மிகைத்திங்கள் இல்லை. ஆதலின் நோன்புப் பெருநாள் கோடையிலும், அறுவடையிலும், மழையிலும் மாறி மாறி நடந்து, ஏறத்தாழ முப்பத்திரண்டரை ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாறு ஆண்டுகள் மட்டுமே அது கூதிர்காலத்தில் தங்குகிறது.

முப்பத்திரண்டரை ஆண்டு என்பது ஒரு தலைமுறையின் அளவு. மணமகளாக இருந்து ஒரு கூதிர்காலப் பெருநாளைக் கண்டவள், அடுத்த முறை அது வரும்போது மகளுக்கு மணமுடித்துக் கொடுத்த தாயாக இருப்பாள். இக்கரையின் குடும்ப அமைப்பில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. ஏனெனில் இங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது.

மட்டக்களப்புப் பகுதியில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடத்தும் குடி என்னும் தாய்வழிப் பிரிவு நிலவி வந்திருக்கிறது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். ஒரே குடிக்குள் மணம் செய்வது மரபன்று. பள்ளிவாசல்களின் நிருவாகத்திலும் குடிக்கொரு மரைக்காயர் என்ற முறை இருந்தது. பெண்ணுக்கு மணம் பேசும்போது வீடு அவள் பெயரில் எழுதிக்கொடுக்கப்படும். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வார். முதலில் பெற்றோரும் இளந்தம்பதியரும் ஒரே கூரையின்கீழ் இருப்பர். அடுத்த மகளுக்கு மணம் கூடும்போது உம்மாவும் வாப்பாவும் அதே வளவிலோ அண்மையிலோ வேறொரு சிறு வீட்டுக்குப் பெயர்ந்து செல்வர். மூத்தம்மா, உம்மா, ராத்தா, தங்கை ஆகியோர் கூப்பிடு தூரத்தில் வாழும் வளவுகள் இவ்வாறே உருவாயின.

இம்மரபின் தோற்றத்தை விளக்க இருவகைச் செய்திகள் உள்ளன. ஒன்று வாய்மொழி மரபு. முற்காலத்தே முக்குவருக்கும் திமிலருக்கும் மூண்ட போரில் முஸ்லிம் வணிகர் முக்குவருக்குத் துணை நின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாக அச்சமூகத்துப் பெண்களை மணந்து அங்கே நிலைபெற்றனர் என்றும் அது கூறும். மற்றொன்று எழுத்திலுள்ள வரலாறு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் எனப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் எழுதிவைத்தார். முன்பே இருந்தவர்களும் பின்னர் வந்தவர்களும் நாளடைவில் கலந்து, வணிகரும் உழவரும் மீனவரும் நெசவாளருமாய் ஒரு சமூகமாயினர். மண்ணை உழுதவர்கள் மண்ணின் உறவுமுறையையும் ஏற்றுக்கொண்டனர்.

இனி, கூதிர்காலத்தின் தொழிலை நோக்குவோம். முதல் மழைக்கு முன்னரே வீட்டின் கூரையைக் கவனிக்கவேண்டும். ஓடும் தகரமும் பரவுவதற்கு முன்னர், தென்னோலையைப் பின்னிய கிடுகே பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை. பழைய கிடுகை நீக்கிப் புதியது வேய்வது புரட்டாசியின் வேலை. விறகை வெட்டிக் காயவைத்து அடுப்படியின் மேலே அடுக்குவதும், மிளகாயையும் கருவாட்டையும் மறுபடி வெயிலில் போட்டுச் சாடியில் அடைப்பதும் அக்காலத்தே நிகழும். மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் ஈர விறகோடு போராட நேரும் என்பதை முதற்பிள்ளை பெற்ற இளந்தாய்க்கு மூத்தம்மா சொல்லித் தருவாள்.

வயலில் வரம்பு கட்டி, உழுது, விதைப்பதற்கு ஆண்கள் வட்டைக்குச் செல்வர். வட்டை என்பது ஒரே நீர்ப்பாய்ச்சலுக்குட்பட்ட வயற்பரப்புக்கு இங்கே வழங்கும் பெயர். பெருநிலம் உடையவர் போடியார். அவருடைய வயலில் கூலிக்கோ பங்குக்கோ பாடுபடும் உழவர்களுக்குத் தலைவர் முல்லைக்காரர். விதைத்தபின் காட்டுப்பன்றியும் யானையும் வந்து அழிக்காதவாறு இரவில் பரண்மீதிருந்து காவல் காக்கவேண்டும். இளங்கணவன் வயல்வாடியில் தங்கும் இரவுகளில் மனைவியும் குழந்தையும் தனித்திருக்க நேர்வதில்லை. வளவில் உம்மாவும் சகோதரிகளும் இருப்பர். தாய்வழி வீட்டமைப்பு வேளாண்மைக்குச் செய்த பேருதவி இது.

கடலோரத்துக் குடும்பத்துக்கு இப்பருவம் இன்னும் கடினமானது. வடகீழ்க் காற்று எழுந்தால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுப்பது பெரும்பாலும் நின்றுவிடும். களப்புகளில் கிடைக்கும் சிறு மீனே கறிக்கு ஆகும். அந்நாட்களில் வீட்டுக்குள் நிகழும் தொழில்களே சில்லறைக் காசு தந்தன. பன் என்னும் கோரையை வெட்டி, காயவைத்து, சாயமிட்டுப் பெண்கள் பாய் இழைத்தனர். மருதமுனையிலே கைத்தறி மழைக்காலத்திலும் ஓய்வதில்லை. அங்கே நெய்யப்படும் சாறனும் சேலையும் நாடெங்கும் அறியப்பட்டவை.

எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் ஒரு பொருள் காக்கப்படவேண்டும். அதுவே விதைநெல். விசிறி விதைக்கும் முறையில் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் விதை வேண்டும். அஃதாவது 40 கிலோவுக்குக் குறையாத நெல். இரண்டு ஏக்கர் செய்கை பண்ணும் குடும்பம் நாலைந்து புசல் நெல்லைச் சென்ற அறுவடையிலேயே பிரித்துவைக்கவேண்டும். ஐப்பசியில் சோற்று நெல் அருகும்போது, அதே வீட்டில் அதே கூரையின்கீழ் இருக்கும் விதைநெல்லின்மீது கண் செல்வது இயல்பு. அதை உண்டவன் அடுத்த ஆண்டையே உண்டவனாவான்.

இத்தகைய நாட்களில்தான் சில ஆண்டுகளில் நோன்பு வருகிறது. பகலெல்லாம் பசித்திருந்து, மாலையில் அரிசிக் கஞ்சியோடு நோன்பு திறக்கும் வழக்கம் இங்குள்ளது. பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியைச் சிறுவர்கள் பாத்திரங்களில் வாங்கிவருவர். நோன்பு முடியும் தறுவாயில் பெண்கள் அரிசியை ஊறவைத்து இடித்து மாவாக்கிப் பலகாரம் சுடுவர். தொதலும் வட்டலப்பமும் அடுப்பேறும். தலைப்பிறையைக் காண்பதும் மழைக்காலத்தில் எளிதன்று. மேற்கே வானம் மூடியிருந்தால், வேறூரில் பிறை கண்ட செய்தி வந்து சேரும்வரை வீடுகள் காத்திருக்கும். வானொலி வீடுகளுக்கு வந்த பின்னர், அதனைச் சுற்றி ஒரு வளவே கூடி அமர்ந்து பிறைச் செய்திக்குச் செவிசாய்த்த இரவுகள் உண்டாயின.

பிறை தெரிந்ததும் முதலில் எழும் கடமை விருந்தன்று, அளந்து கொடுப்பதே. நோன்புப் பெருநாள் தர்மமாகிய ஃபித்ராவை, இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டநெறியின்படி, அவ்வூரின் முதன்மை உணவுத் தானியத்தாலேயே கொடுக்கவேண்டும். தலைக்கு ஒரு ஸாஉ. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி. ரமழானின் இறுதிப் பகலில் பிறந்த குழந்தைக்கும் தந்தையே அளந்து கொடுக்கவேண்டும். அன்றைய பகலுக்கும் இரவுக்கும் தன் குடும்பத்துக்கு வேண்டியதற்குமேல் கையிலுள்ள எவரும் இக்கடமையினின்றும் விலக்கப்படுவதில்லை. கணவனும் மனைவியும் இரு மழலைகளும் உள்ள இளங்குடும்பத்துக்கு இது பத்துக் கிலோ அரிசி. அறுவடைக்குப் பின் இது பொருட்டன்று. ஐப்பசியிலோ இது ஒரு வாரச் சோறு. ஆயினும் அளந்து கொடுத்த வீட்டுக்கே பெருநாள் காலையில் வேறொரு வீட்டிலிருந்து அரிசி வந்து சேர்வதும் உண்டு. குறைந்த நெல் ஊர் முழுவதும் சுற்றிவந்து, எந்த வீட்டு அடுப்பும் அன்று எரியாமல் இருப்பதைத் தடுத்தது.

பெருநாள் காலையில் ஆண்கள் புத்தாடை அணிந்து தொழுகைக்குச் செல்வர். கடற்கரைத் திடலில் தொழும் ஊர்களிலும் மழை பெய்தால் பள்ளிவாசலுக்குள் ஒடுங்கவேண்டியதே. பின்னர் வீடுவீடாகச் சென்று பெரியோரைக் காண்பது தொடங்கும். மருமகன் தன் தாய் வீட்டுக்கும் செல்வான். ஆனால் அன்றைய சோறு ஆக்கப்படுவது மனைவியின் வீட்டில். அயலூர்த் தமிழ் நண்பர்களுக்குப் பலகாரத் தட்டு போகும். கூதிர்காலப் பெருநாளுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் அமைவது இக்காலத்தில்தான். 1941, 1973, 2005 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. போன தட்டு வெறுமையாகத் திரும்பாத வாரங்கள் அவை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இவ்வுறவு பலமுறை காயமுற்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோர் என்றென்றும் பிரிந்திருத்தல் இயலாது.

சென்ற நூற்றாண்டில் பெருநாள் கூதிர்காலத்துக்கு வந்த முறைகளை வரலாற்றோடு ஒட்டிப் பார்த்தல் தகும். 1937 முதல் 1941 வரை ஒருமுறை அது இப்பருவத்தில் நின்றது. 1942இல் ஐப்பசி பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் வந்தது. அந்த 1942 இலங்கைக்கு நெருக்கடியான ஆண்டு. அக்காலத்தில் நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேற்பட்டது கடல் கடந்தே வந்தது. அதிலும் பெரும்பங்கு பர்மாவினுடையது. மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகியது. ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. பர்மா அரிசி நின்றது; பங்கீடு வந்தது; உள்நாட்டு நெல்லை அரசாங்கமே கொள்முதல் செய்யத் தொடங்கிற்று. கிழக்கு மாகாணத்துக் குடிசையிலிருந்த நெல் அன்று முதல் நாட்டின் கவலையாயிற்று. அவ்வாண்டுப் பெருநாளை எதிர்கொண்ட இளங்குடும்பத்துக்குச் சோற்றுநெல், விதைநெல் என்ற பழைய கணக்கோடு போரின் கணக்கும் சேர்ந்தது.

அந்நெருக்கடியிலிருந்து நாடு கற்ற பாடங்களுள் ஒன்று, கிழக்கின் நீரைத் தேக்கவேண்டும் என்பது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் எழுந்த அணையால் சேனநாயக்க சமுத்திரம் தோன்றியது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களுக்குக் கால்வாய் நீர் வந்தது. மழையை மட்டும் நம்பிய வயல்களிற் பல இருபோகம் கண்டன. எச். 4 முதலிய புதிய நெல்லினங்கள் 1950களின் இறுதியிலிருந்து பரவி விளைவைப் பெருக்கின. சிறுபோக அறுவடை ஆவணியை ஒட்டி வீடு வந்தமையால், ஐப்பசியின் கடுமை சற்றுத் தணிந்தது. அதே வேளையில், புதிய நிலத்தைப் பகிர்ந்தளித்தமை சமூகங்களிடையே தீராத மனத்தாங்கலுக்கும் வித்திட்டது.

பெருநாள் மீண்டும் கூதிர்காலத்துக்கு வந்தது 1969 முதல் 1974 வரை. முன்னைய சுற்றில் மணமகளாயிருந்தவள் இப்போது உம்மாவாகி, தன் வீட்டை மகளுக்குக் கொடுத்திருப்பாள். அம்மகளின் பெருநாளும் எளிதாக அமையவில்லை. 1973ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் தானிய விலை பன்மடங்கு ஏறிற்று. இலங்கையில் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. பாணுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். 1971இல் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபையே நெல் வாங்கும் உரிமை பெற்றிருந்தது. நெல்லையும் அரிசியையும் இடம்விட்டு இடம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு இருந்தது. சீனியும் கோதுமை மாவும் அரிதாகிய வேளையில், அரிசி மாவும் தேங்காயும் கருப்பட்டியும் கொண்டு செய்யும் பழைய பலகாரங்களின் அருமையை வீடுகள் மறுபடியும் உணர்ந்தன.

கூதிர்காலம் இன்னொரு வகையிலும் அத்தலைமுறையைச் சோதித்தது. 1978 நவம்பரில் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரு வாரமும் ஆகுமுன், 23ஆம் நாள் இரவு கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தென்னைகள் ஆயிரம் ஆயிரமாய்ச் சாய்ந்தன. கிடுகும் தேங்காயும் நிழலும் ஒருங்கே போயின. அதன்பின் கிடுகு வேயும் வழக்கம் விரைந்து குறைந்து, கல்வீடும் ஓட்டுக்கூரையும் பெருகலாயின. பெண்ணுக்குக் கொடுக்கும் வீடு உறுதியான வீடாக இருத்தல்வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுத்தது. அதனால் பெற்றோரின் சுமையும் ஏறியது. பல பெண்மக்களைப் பெற்ற வாப்பா, வாழ்நாள் முழுதும் சுவர் எழுப்பிக்கொண்டேயிருக்கும் நிலை உண்டானது. தாய்வழி வீட்டுமுறையின் நன்மையைக் கூறுவோர் இச்சுமையையும் கூறுதல் நேர்மையாகும்.

மூன்றாம் முறை பெருநாள் கூதிரில் நின்றது 2002 முதல் 2006 வரை. 2004இல் அது நவம்பர் நடுவில் வந்தது. வயல்கள் விதைக்கப்பட்டுப் பச்சைபிடித்திருந்தன. ஆறு வாரங்கள் கழிந்து, டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழுந்தது. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே; இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கடலோர வரிசைகள் துடைத்தெறியப்பட்டன. முஸ்லிம்களும் தமிழர்களும் அருகருகே பிணங்களைத் தேடினர். மூன்று, நான்கு தலைமுறைப் பெண்கள் நெருங்கி வாழ்ந்த வளவுகள் ஒரே காலையில் வெறும் மணலாயின.

அடுத்த நோன்பு 2005 அக்டோபரில் தொடங்கிற்று. பல குடும்பங்கள் அப்போது தகரமும் பலகையும் கொண்ட தற்காலிகக் கொட்டில்களில் இருந்தன. வடகீழ் மழையும் அதே வாரங்களில் வந்தது. அந்தக் கூரைகளின்கீழ் கஞ்சி காய்ச்சி, நவம்பர் 4ஆம் நாளையொட்டிப் பெருநாள் கண்ட இளந்தாய்மார், 1973ஆம் ஆண்டின் மணப்பெண்களுக்கு மக்களாகவும், 1941ஆம் ஆண்டின் மணப்பெண்களுக்குப் பேத்தியராகவும் இருக்கத்தக்க வயதினர். நெல்லில்லாத பெருநாளை அவர்தம் மூத்தம்மாமார் கண்டிருந்தனர். வீடே இல்லாத பெருநாளை இக்கரை கண்டது அப்போதுதான்.

வீட்டை மறுபடி கட்டுவதில் எழுந்த வினா, கல்லும் சீமெந்தும் பற்றியது மட்டுமன்று. கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என முதலில் அறிவிக்கப்பட்டது; பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. ஒடுங்கிய இக்கரையில் 200 மீற்றர் என்பது பல வளவுகளின் முழு அகலம். அதற்கும் ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. உதவிப் படிவங்கள் குடும்பத் தலைவரைக் கேட்டன. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று அலுவலகங்கள் கொண்டன. அழிந்த வீடு மனைவியின் பெயரில் இருந்தது. அதற்கு ஈடாகக் கட்டிய புதுவீடு கணவன் பெயரில் எழுதப்படுவதாயிற்று. கிழக்கிலிருந்த பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் இதனைச் சுட்டிக்காட்டி முறையிட்டனர். சில இடங்களில் இருவர் பெயரிலும் எழுதும் வழி காணப்பட்டது. பல இடங்களில் பழைய உரிமை மெல்ல மறைந்தது.

இது புதிதாக முளைத்த பிழையன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரிமை வாரிசு குறிக்கப்படாத அரசகாணியில் பெண்மக்களுக்கு முன்னே ஆண்மக்களை வைத்தது. குடியேற்றத் திட்டங்களில் காணி வழங்கப்பட்டதும் அச்சட்டத்தின்கீழே. அந்த ஏற்றத்தாழ்வை நீக்கும் திருத்தம் 2022இல்தான் நிறைவேறியது. ஊர்வழக்குப் பெண்ணிடம் வைத்த உரிமையை, நவீனமானது என்று கருதப்பட்ட எழுத்துச் சட்டம் எட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அறியாதிருந்தது.

இவ்வுரிமை வெறும் பத்திரத்தின் பொருளன்று என்பதைக் கூதிர்காலமே விளக்குகிறது. கணவன் வட்டையில் காவலிருக்கும் இரவில் இளந்தாய் அஞ்சாது உறங்கியது, அவள் தன் தாயின் வளவில் இருந்தமையால். சோற்றுநெல் குறைந்த வாரத்தில் விதைநெல் காக்கப்பட்டது, அடுத்த வீட்டிலிருந்து ஒரு மரைக்கால் அரிசி கடனாக வரும் என்ற நம்பிக்கையால். மணமுறிவோ கைம்மையோ நேர்ந்தாலும் பிள்ளைகளோடு தெருவில் நிற்க நேராதது, வீடு அவளுடையதாக இருந்தமையால். வளவு சிதறி, உறவினர் ஆளுக்கொரு திட்டத்தில் அடுக்கு வீடுகளில் குடியமர்ந்தபோது, இழந்தது சுவர்களை மட்டுமன்று. குறைவைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கையும் கூடத்தான்.

இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலுக்கு வந்துவிட்டன. வெளிநாட்டில் உழைக்கும் கணவன் அனுப்பும் பணத்தால் பலகாரம் கடையிலிருந்து வருகிறது. விதைநெல்லைப் பலர் விலைக்கு வாங்குகின்றனர். எனினும் ஐப்பசி மழை தவறினால் கல்முனைச் சந்தையில் முகங்கள் இன்றும் வாடுகின்றன. மகளுக்கு மணம் பேசும் வீட்டில் முதற்பேச்சு இன்றும் வீட்டைப் பற்றியதே.

பெருநாள் அடுத்து இப்பருவத்துக்கு வருவது 2034ஆம் ஆண்டின் இறுதியில். 2039 வரை அது மழையோடு தங்கியிருக்கும். தகரக் கொட்டிலில் 2005ஆம் ஆண்டுப் பெருநாளைக் கண்ட கைக்குழந்தைகள் அப்போது தாமே இளந்தாய்மாராக இருப்பர். பிறையின் கணக்கும் மழையின் கணக்கும் பிசகாமல் அவர்களிடம் வந்து சேரும். அவற்றை வரவேற்று உள்ளே அழைக்க, தம்முடையதென்று சொல்லத்தக்க வாசற்படி ஒன்று அவர்களுக்கு இருக்குமா என்பதை, இன்று எழுதப்படும் காணிப் பத்திரங்களே தீர்மானிக்கும்.